பிந்திப்போன கணினிக் கடிகாரமும் வட்ஸ்அப்பில் வந்த சான்றிதழும்

வெள்ளவத்தையில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளங் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டிலிருந்தபடியே சில சிறு கடைகளுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது அவருடைய தொழில். விண்டோஸ் 7 உள்ள பழைய மேசைக் கணினியிலும் குரோம் உலாவியிலும் எல்லா வேலையும் நடக்கிறது. இரவில் சுவர் ஆளியை அணைத்துவிட்டே உறங்கப் போவார். அண்மைக் காலமாக, காலையில் கணினியைப் போட்டதும் வங்கி, மின்னஞ்சல், உள்நாட்டு இறைவரித் திணைக்களம் என்று எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை வருகிறது. கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னே போயிருப்பதைக் கண்டு கையால் திருத்தினால் பெரும்பாலான தளங்கள் திறக்கின்றன. மறுநாள் காலையில் மீண்டும் அதே தொல்லை. திகதியைத் திருத்திய பின்னும் சில தளங்கள் மட்டும் திறக்க மறுத்தன. கணினி திருத்துபவர் ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு சான்றிதழ்க் கோப்பை அனுப்பி, அதை 'ட்ரஸ்டட் ரூட்' என்ற பகுதியில் நிறுவச் செய்ததோடு, வைரஸ் தடுப்பையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னரே, பெறாமகன் காட்டிக் கொடுத்தபடி, பொருள் விநியோகத் தளம் ஒன்றில் எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லை இட்டிருக்கிறார். மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல்தான்.

வங்கித் தளத்தை யாரேனும் ஊடுருவிவிட்டார்களா, பூட்டு அடையாளம் தெரிந்தால் பயமின்றித் தொடரலாமா, திருத்துபவர்மீது முறையிடலாமா, நவம்பர் 30 ஆம் திகதிக்குள் வாடிக்கையாளர்களின் வருமான வரி விவரத்திரட்டுகளைச் சமர்ப்பிக்க வேண்டிய நேரத்தில் புதுக் கணினி வாங்கத்தான் வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் பெரிய பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் வங்கியின் தளம் ஊடுருவப்பட்டதற்கான அறிகுறி எதுவும் இல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல தளங்கள் ஒரே காலையில் ஒரே கணினியில் மட்டும் மறுக்கப்படும்போது, கோளாறு அந்தக் கணினியில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இதை நீங்களே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். கைத்தொலைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் எச்சரிக்கை வந்தால் பழுது தளத்தின் பக்கம். டேட்டாவில் சரியாகத் திறந்து, வீட்டு வைஃபையில் தொலைபேசியிலும் எச்சரிக்கை வந்தால் ரவுட்டரையோ இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். தொலைபேசியில் இரு வழியிலும் சரியாக இருந்து கணினியில் மட்டும் வந்தால், தேட வேண்டிய இடம் கணினிதான்.

அடுத்ததாக, அந்த எச்சரிக்கைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் வரும் ஆங்கிலக் குறியீட்டை இனிமேல் வாசியுங்கள். பலரும் சிவப்பு அடையாளத்தைக் கண்டவுடன் பதறிப்போய், உண்மையான தகவல் இருக்கும் அந்த ஒரு வரியைத் தவறவிட்டுவிடுகிறார்கள். சான்றிதழ் என்பது ஒரு தளம் தான் யார் என்று காட்டும் மின்னணு அடையாளப் பத்திரம். தளம் அதைக் காட்டும்போது உலாவி முக்கியமாக மூன்றைச் சரிபார்க்கிறது: சான்றிதழிலுள்ள பெயரும் நீங்கள் திறந்த முகவரியும் ஒன்றா, அது இன்று செல்லுபடியாகுமா, அதை வழங்கியவர் நம்பப்பட்டவர்களின் பட்டியலில் இருக்கிறாரா. குறியீட்டில் 'காமன் நேம்' என்று வந்தால் பெயரிலும், 'டேட்' என்று வந்தால் காலத்திலும், 'அத்தோரிட்டி' என்று வந்தால் வழங்கியவரிலும் சிக்கல். 'வெர்ஷன்' என்று வந்தால் விஷயம் வேறு. தளமும் உலாவியும் பேசும் பாதுகாப்பு நெறிமுறைகள் ஒத்துவரவில்லை என்று பொருள். 1999 இலும் 2006 இலும் வெளியான டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய நெறிமுறைப் பதிப்புகளைப் பெரிய உலாவிகள் 2020 அளவில் கைவிட்டதால், மிகப் பழைய ரவுட்டர்களின் அமைப்புப் பக்கங்களில் இது தலைகாட்டும். உங்கள் கடிதத்தில் உள்ளவை இரண்டு: காலையில் 'டேட்', திகதியைத் திருத்திய பின் 'அத்தோரிட்டி'. இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே மருந்து தேடியதில்தான் குழப்பம் தொடங்கியிருக்கிறது.

காலைத் தொல்லை

ஒவ்வொரு சான்றிதழிலும் எந்நாள் முதல் எந்நாள் வரை அது செல்லும் என்று எழுதப்பட்டிருக்கும். உங்கள் கணினி பல ஆண்டுகள் பின்னே நின்றால், இன்று உலகில் உள்ள சான்றிதழ்கள் அநேகமாக அனைத்தும் அதன் கணக்கில் இன்னும் பிறக்காதவை. ஆகவேதான் எல்லாத் தளங்களும் ஒரேயடியாக மறுக்கப்படுகின்றன. காரணம், தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவப் பற்றரி தீர்ந்துபோயிருப்பதுதான். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர் 2032 என்ற 3 வோல்ற் பற்றரி. சுவர் ஆளி போட்டிருக்கும் வரை மின்சாரத்தின் தயவில் கடிகாரம் ஓடும். நீங்கள் இரவில் ஆளியை அணைத்ததும் அதைத் தாங்குவதற்குப் பற்றரி மட்டுமே மிஞ்சுகிறது. ஆளியை அணைப்பது நல்ல பழக்கம், அதை மாற்ற வேண்டாம், பற்றரியை மாற்றுங்கள். வழக்கமான மின்பொருள் கடைகளிலேயே மலிவாகக் கிடைக்கும். கணினியின் மின்கம்பியைக் கழற்றிய பிறகு, எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி பொருத்த வேண்டும்.

இணையத்தில் இணைந்ததும் விண்டோஸ் தானாகவே நேரத்தைத் திருத்தாதா என்று கேட்டிருந்தீர்கள். சிறு பிசகைத் திருத்தும். ஆனால் வீட்டுக் கணினிகளில் அதன் வழக்கமான அமைப்பின்படி, 15 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டைத் தானாகத் திருத்த அது மறுத்துவிடும். ஆகவேதான் உங்கள் கையை எதிர்பார்க்கிறது. கையால் திருத்தும்போது நேர வலயத்தையும் பாருங்கள். பட்டியலில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்ற பெயரில் 5 மணி 30 நிமிட வலயம் இருக்கும். வலயம் தவறாக இருந்து, திரையில் தெரியும் மணியை மட்டும் சரிப்படுத்தினால், உள்ளே சில மணித்தியாலப் பிசகு ஒளிந்திருக்கும். அன்றுதான் புதுப்பிக்கப்பட்ட சான்றிதழுள்ள தளம் அப்போதும் மறுக்கும்.

வட்ஸ்அப்பில் வந்த கோப்பு

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்துவது இதுதான். எச்சரிக்கை வந்ததையும் அதை ஒருமுறை தாண்டியதையும் பற்றி நீங்கள் விரிவாக வருந்தியிருக்கிறீர்கள்; இந்தக் கோப்பை ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறீர்கள். நான் மாற்றி வரிசைப்படுத்துவேன்.

எச்சரிக்கையைத் தாண்டுவது ஒரு தளத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலக்கு. 'ட்ரஸ்டட் ரூட்' பகுதியில் இடப்படுவது மூலச் சான்றிதழ், அதாவது மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி கூறும் சான்றிதழ். அதை நிறுவுவது அப்படியல்ல. அந்தச் சான்றிதழின் இரகசியத் திறவுகோல் யாரிடம் இருக்கிறதோ, அவர் உங்கள் வங்கியின் பெயரிலோ, மின்னஞ்சலின் பெயரிலோ, திணைக்களத்தின் பெயரிலோ தாமே ஒரு சான்றிதழைத் தயாரிக்கலாம்; உங்கள் கணினி அதை மறுபேச்சின்றி ஏற்கும், எச்சரிக்கையே வராது. வதிவிடச் சான்றிதழில் இடும் கிராம அலுவலரின் முத்திரையை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இனி அவர் குத்திய தாளெல்லாம் செல்லும் என்று நாமே எழுதிக் கொடுப்பதற்கு இது சமம். அவர் உங்கள் இணைப்பின் நடுவே வந்து அமர்ந்தால்தான் தீங்கு செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் பொது வைஃபையும், கடவுச்சொல் மாற்றப்படாத ரவுட்டரும் அந்த இடத்தை எளிதாகத் தந்துவிடும்.

இது வெறும் ஊகமல்ல. 2011 இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனம் ஊடுருவப்பட்டு, கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் உருவாக்கப்பட்டது. அது ஈரானில் இருந்த பயனர்களுக்கு எதிராகப் பயன்பட்டது. உலாவிகள் அந்த நிறுவனத்தை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்கின. அதே ஆண்டில் நிறுவனம் முறிவடைந்தது. 2019 இல் கசகஸ்தானில் மக்கள் தங்கள் கருவிகளில் அரசின் மூலச் சான்றிதழை நிறுவ வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, கூகுள், மொசில்லா, அப்பிள் ஆகியவை அந்தச் சான்றிதழையே தடைசெய்தன. தணிக்கைக்குட்பட்ட நிறுவனங்களையும் அரசுகளையும்கூட இந்த விஷயத்தில் இவ்வளவு கறாராக நடத்துகிறார்கள் என்றால், வட்ஸ்அப்பில் வந்த பெயரறியாக் கோப்பை எப்படி நடத்த வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எனினும் அந்தத் திருத்துபவருக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தோடுதான் அனுப்பினார் என்று சொல்ல முடியாது. பழைய கணினிகளில் நம்பப்பட்டவர்களின் பட்டியலும் பழையதாகிப் போகும். புதிதாக வந்த மூலச் சான்றிதழ்கள் அதில் இருக்காது, பழையவை காலாவதியாகியிருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச சான்றிதழ் சேவை சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, உலகெங்கும் பல பழைய கருவிகளில் இதே 'அத்தோரிட்டி' எச்சரிக்கை வந்தது. அப்போது விடுபட்ட சான்றிதழைக் கையால் சேர்ப்பது ஒரு முறையான பரிகாரமாகவே இருந்தது. அவரும் அதைத்தான் செய்ய நினைத்திருக்கலாம். ஆனால் அத்தகைய சான்றிதழை அதை வெளியிடுபவரின் சொந்தத் தளத்திலிருந்தோ, இயங்குதளத்தின் மேம்படுத்தல் வழியாகவோ மட்டும்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே நிறுவிய அந்தச் சான்றிதழைக் கணினியின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து, 'கன்டென்ட்' பகுதியில் 'சர்டிபிகேட்ஸ்' பொத்தானை அழுத்தினால், 'ட்ரஸ்டட் ரூட்' என்ற தலைப்பின் கீழ் நீண்ட பட்டியல் வரும். எந்நாளில் எது சேர்க்கப்பட்டது என்று அங்கே தெரியாது. எனவே வட்ஸ்அப் கோப்பை முதலில் திறந்து, நிறுவும் பொத்தானைத் தொடாமல், யாருக்கு வழங்கப்பட்டது, யார் வழங்கியது, 'தம்ப்பிரிண்ட்' என்ற நீண்ட எண்ணெழுத்து வரிசை ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, பட்டியலில் அதே வரிசை உள்ளதை மட்டும் நீக்குங்கள். காலாவதியானவை என்று தோன்றும் மற்றவற்றில் கை வைக்க வேண்டாம். அவற்றுள் சிலவற்றை விண்டோஸ் பழைய கையொப்பங்களைச் சரிபார்க்க இன்றும் பயன்படுத்துகிறது.

வைரஸ் தடுப்பை மீண்டும் இயக்குங்கள். அதை முற்றாக நிறுத்தச் சொன்னது மிகையான ஆலோசனை. சில வைரஸ் தடுப்பு மென்பொருட்கள் பாதுகாப்பான இணைப்புகளையும் இடைமறித்துச் சோதிப்பதற்காகத் தமது சொந்தச் சான்றிதழைப் புகுத்துகின்றன; அது பழுதானால் எச்சரிக்கை வரும். எச்சரிக்கைப் பக்கத்தில் சான்றிதழைத் திறந்து, வழங்கியவரின் பெயராக உங்கள் வைரஸ் தடுப்பின் பெயரே வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அமைப்புகளில் அந்த ஒரு சோதனையை மட்டும் அணைத்தால் போதும்.

தாண்டிச் சென்ற அந்த ஒருமுறை

எச்சரிக்கையைத் தாண்டினாலும் தகவல் மறைகுறியாக்கப்பட்டுத்தானே போகிறது என்று பெறாமகன் சொன்னது பாதி உண்மை. மறைகுறியாக்கப்பட்டுப் போகும், யாரிடம் போகிறது என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. திகதிப் பிசகால் வந்த எச்சரிக்கையாக இருந்திருந்தால் உங்கள் கடவுச்சொல் உரிய இடத்துக்கே போயிருக்கும், அதற்கே வாய்ப்பும் அதிகம். ஆனாலும் அதைப் பின்னோக்கி நிரூபிக்க வழியில்லாததால், மாற்றிவிடுவதே விவேகம். அந்தக் கணினியில் அல்ல, கைத்தொலைபேசியில், மொபைல் டேட்டாவில் மாற்றுங்கள். மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கள், ஏனெனில் மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மீட்டெடுக்கும் வழி அதுதான். சான்றிதழ் நிறுவப்பட்ட பிறகு அந்தக் கணினியில் வங்கிக்குள் நுழைந்திருந்தால் அதையும் மாற்றி, கடந்த வாரங்களின் கொடுக்கல்வாங்கல்களைப் பாருங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் குறியீடு எப்படியும் காக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நடுவில் ஒருவர் இருந்தால், நீங்கள் இடும் குறியீட்டையும் அவர் அந்தக் கணமே பயன்படுத்தலாம்.

சில தளங்களில் தாண்டிச் செல்லும் வாய்ப்பே வராததைக் கோளாறாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது வேண்டுமென்றே செய்யப்பட்டது. பாதுகாப்பான இணைப்பில் அன்றி என்னைத் திறக்கவே கூடாது என்று ஒரு தளம் உலாவிக்கு முன்கூட்டியே அறிவித்துவைக்கும் முறை 2012 இல் தரப்படுத்தப்பட்டது. அப்படி அறிவித்த தளத்தில் உலாவி உங்களுக்கு விலக்கு தராது. அதைச் சுற்றிப் போகும் குறுக்கு வழியை யாராவது சொல்லித் தந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

பூட்டு அடையாளம்

பூட்டு தெரிந்தால் தளம் நேர்மையானது என்று பொருளில்லை. முகவரியில் உள்ள பெயருக்கு உரிய சான்றிதழ் இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். மோசடிக்காரரும் தாம் பதிவு செய்த பெயருக்குச் சில நிமிடங்களில் இலவசமாகச் சான்றிதழ் எடுத்துவிடலாம். இந்தத் தவறான நம்பிக்கை காரணமாகவே குரோம் 2023 இல் பூட்டு அடையாளத்தைக் கைவிட்டது. உங்களிடம் இன்னும் பூட்டு தெரிவது உலாவி பழையது என்பதற்குச் சான்று. முகவரியை வாசிக்கும்போது முதலாவது தனிச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாக வாசியுங்கள். டொட் எல்கே என்பதற்கு ஒட்டி முன்னால் இருப்பது உங்கள் வங்கியின் பெயராக இருக்க வேண்டும். வங்கியின் பெயர் எங்கோ முன்னால் வந்து, கடைசியில் வேறு பெயர் இருந்தால் வெளியேறிவிடுங்கள்.

புதுக் கணினியும் நவம்பர் 30 உம்

விண்டோஸ் 7 க்கான மைக்ரோசொஃப்டின் பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. அதில் இயங்கும் கடைசிக் குரோம் பதிப்பு 109. 2023 பெப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 தேவை. ஆகவே பற்றரியை மாற்றினால் காலைத் தொல்லை தீரும், ஆனால் 'அத்தோரிட்டி' எச்சரிக்கைகள் காலப்போக்கில் கூடிக்கொண்டேதான் போகும். ஃபயர்பாக்ஸ் தன் நம்பிக்கைப் பட்டியலைத் தானே வைத்திருப்பதாலும், அதன் 115 என்ற நீண்டகாலப் பதிப்பு விண்டோஸ் 7 க்காக நீட்டிக்கப்பட்டதாலும், அதைக் கொண்டு சிறிது காலம் ஒப்பேற்றலாம். மற்றவர்களின் வரிக் கணக்கைக் கையாளும் ஒருவருக்கு அதை நிரந்தரத் தீர்வாகச் சொல்ல என் மனம் இடம் தரவில்லை.

செலவு பெரிய பாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்த கணினி ஒன்றை வாங்குவதானால், விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதை நினைவில் வைத்து, விண்டோஸ் 11 முறையாக ஏறுமா என்று கேளுங்கள். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லுடன் இருக்க வேண்டும். உங்கள் வேலை உலாவியிலும் கணக்குத் தாள்களிலும் மட்டுமே நடப்பதாயின், இருக்கும் கணினியிலேயே லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவுவது செலவில்லாத வழி. ஆனால் கணக்கு மென்பொருள் விண்டோஸை மட்டும் நம்பியிருந்தால் அது பொருந்தாது.

விவரத்திரட்டுகளைக் கடைசி நாளுக்கு வைத்திருக்காதீர்கள். திணைக்களத்தின் தளமே ஒருநாள் காலாவதியான சான்றிதழுடன் நின்றால், அது எங்களுடைய அரசாங்கத் தளம்தானே என்று தாண்டிப் போகவும் வேண்டாம். திகதி தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தொலைபேசியில் கேளுங்கள். தேவையானால் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையிலுள்ள தலைமை அலுவலகத்துக்கே போகலாம். 398 நாளாக இருந்த சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று உலகளாவிய விதி குறைத்துக்கொண்டு போகிறது. புதுப்பித்தலை இன்னும் கையால் செய்யும் நிறுவனங்கள் இனி அடிக்கடி தவறவிடக்கூடும்.

முறையீடும் வாடிக்கையாளர்களும்

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதைக் குற்றமாக்குகிறது. இங்கே கோப்பை நிறுவியது நீங்கள். ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு இதுவரை சான்றில்லை. இந்நிலையில் ஒருவர்மீது குற்றம் சாட்டுவது அவருக்கும் அநீதி, உங்களுக்கும் வீண் அலைச்சல். வங்கிக் கணக்கில் அறியாத கொடுக்கல்வாங்கல் ஏதும் கண்டால் நிலைமை வேறு: உடனே வங்கிக்கும், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா செர்ட் அமைப்புக்கும், பொலிஸுக்கும் அறிவித்துவிட்டு, சட்டத்தரணி ஒருவரையும் பாருங்கள்.

வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டுமா என்று தயங்குகிறீர்கள். தனிப்பட்ட தரவைக் கையாள்வோருக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்புகளை வகுத்திருக்கிறது. அது ஒருபுறமிருக்க, அவர்கள் தங்கள் திணைக்களக் கடவுச்சொற்களை உங்களிடம் நம்பித் தந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை இந்தக் கணினியில் பயன்படுத்தியிருந்தால், நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இழப்பு எதுவும் நேரவில்லை, முன்னெச்சரிக்கையாகவே கேட்கிறேன் என்று சொன்னால் போதும்.

வட்ஸ்அப்பில் வந்த அந்தக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். அதில் குறித்துக்கொண்ட மூன்று விவரங்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். உலகம் அறிந்த மூலச் சான்றிதழா, எவரோ தாமே தயாரித்ததா என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அது தெரியும்வரை அந்தக் கணினியில் வங்கி வேலை வேண்டாம்.